நடை சாத்திய நாளில் மூன்று லாரிகள்

அத்தியாயம் 6

சங்கிலி அறுபடவில்லை. பூட்டும் உடையவில்லை. இருந்தாலும் தனம் மெஸ்ஸை ஒட்டிய மைதானத்தில் மூன்று சிமெண்ட் லாரிகள் சொந்த வீட்டில் நிற்பது போல நின்றுகொண்டிருந்தன.

புதன்கிழமை, பகல் பதினொன்றரை மணி. திருச்சி பஸ்ஸிலிருந்து சிறுவாச்சூரில் இறங்கிய துப்பறிவாளர் ராசாங்கம், மைதானத்து வாசல் தூணில் தொங்கிய சங்கிலியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பூட்டு வாயைத் திறந்தபடி அதிலேயே மாட்டியிருந்தது. தூணில் ஒரு பலகை: 'சாப்பிட வருபவர்களின் வண்டிகளுக்கு மட்டும்.'

“லாரிங்களும் சாப்பிடத்தான் வந்திருக்கும் சார். டீசல் எத்தனை பிளேட்டுன்னு கேக்கட்டுமா?” என்றான் உதவியாளன் மாயவன்.

மாயவன் ஒன்பது வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். முதலாளியின் மைத்துனரைப் படியில் நிற்காமல் உள்ளே போகச் சொன்ன விதத்தில் வேலை போயிற்று. அந்த வாயைப் பொறுத்துக்கொள்ள ராசாங்கத்துக்கு ஒரே காரணம்தான். போலீஸிடம் பேசாத டிரைவர்கள் மாயவனிடம் பேசிவிடுவார்கள்.

இப்போதும் பேசினார்கள். ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தான்.

“அரியலூர்ல சிமெண்ட் ஏத்திட்டு வர்ற வண்டிங்க சார். பக்கத்து லாரி ஷெட்டுக்காரரு பழனிவேல் கையைக் காட்டினாராம், எடம் திறந்து கெடந்துச்சாம், வந்துட்டாங்களாம். யாரு திறந்ததுன்னு அவங்களுக்குத் தெரியாது. பொய் சொல்ற மூஞ்சி இல்ல, தூங்குற மூஞ்சி.”

அவர்களை வரவழைத்திருந்த தனம் மெஸ்ஸுக்குள்ளிருந்து வந்தாள். நாற்பத்தெட்டு வயது. பதினோரு வருஷமாக இந்த டிரங்க் ரோட்டில் மெஸ் நடத்துகிறவள். அவள் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் காரிலும் வேனிலும் வழிப்பயணம் போகிறவர்கள். காரில் வருகிறவனுக்குப் பசி இருக்கும், பொறுமை இருக்காது. நிறுத்த இடமில்லை என்றால் அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

“ரெண்டு மாசமா இதே கதைங்க. போலீஸ்ல போயிச் சொன்னா, திறந்து கெடந்த எடத்துல வண்டி நின்னா என்னம்மா கேஸ் போடறதுங்கறாங்க. அந்தப் பழனிவேலு மைதானத்தை வெலைக்குக் கேக்கறாரு. வெள்ளிக்கெழம காலைல வரச் சொல்லியிருக்கேன். பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள கையெழுத்து.”

“மைதானம் போச்சுன்னா?”

“மெஸ்ஸும் போச்சு. நிறுத்த எடமில்லாம இந்த ரோட்டுல யாரு சாப்பிட வருவா? எல்லாத்தையும் வுட்டுட்டு மக வூட்டோட போயிட வேண்டியதுதான். அதுக்கு முன்னாடி இந்தக் கெழவனை வெளிய அனுப்பணும்.”

கிழவன் என்று அவள் சொன்னது காவல்காரர் வெள்ளைச்சாமியை. தூணுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றார். பூட்டுக்குச் சாவி இரண்டு. ஒன்று அவர் இடுப்பில், இன்னொன்று மெஸ் அடுப்படியில் ஆணியில். ஊரே அவரைத்தான் சந்தேகப்பட்டுப் பேசிக்கொண்டிருந்தது.

“நான் தொடலீங்க. பதினோரு மணிக்குச் சோறு திங்க உள்ள போறேன். வந்து பாத்தா லாரி நிக்குது,” என்றார்.

“சாப்பிட எவ்வளவு நேரம் ஆவும்?” என்று கேட்டார் ராசாங்கம்.

“முன்னல்லாம் அஞ்சு நிமிசம். இப்ப அந்தப் புள்ள மீன் வைக்கிற நாளெல்லாம் கெண்டையா வைக்குது. முள்ளு எடுத்து முடிக்கவே அரை மணி ஆவுது.”

“அப்ப முள்ளுக்குத் தனியா ஒரு வாட்ச்மேன் போடணும்,” என்றான் மாயவன். ராசாங்கம் சிரிக்கவில்லை. எதையோ மனதுக்குள் மடித்து வைத்துக்கொண்ட மாதிரி இருந்தது அவர் முகம்.

அதற்குள் 'அந்தப் புள்ள' மோர் டம்ளர்களோடு வந்துவிட்டாள். மெஸ்ஸின் சமையல்காரி செங்கமலம். நாற்பதைத் தாண்டியவள், கையில் மஞ்சள் கறை. கடை தொடங்கிய நாளிலிருந்து அடுப்படி அவளுடையது.

“அக்கா, வெயில்ல நிக்காதீங்க. மயக்கம் வந்துரும்.” தனத்தின் கையில் ஒரு டம்ளரைத் திணித்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். “பெரியப்பாவை ஒண்ணும் சொல்லாதீங்கக்கா. வயசான மனுசன், கண்ணு அசந்திருப்பாரு. எடத்தைத் தள்ளிவுட்டுட்டு நிம்மதியா இருங்க.”

தனம் ராசாங்கத்தைப் பார்த்துச் சொன்னாள்: “பாத்தீங்களா. எனக்குன்னு பேச இவ ஒருத்திதான் இருக்கா.”

*

மத்தியானச் சாப்பாடு முடிந்து மெஸ் காலியானதும் ராசாங்கம் தினசரி காலண்டரைக் கேட்டார். தனத்துக்கு ஒரு பழக்கம். லாரி நின்ற நாளெல்லாம் காலண்டர் தாளைக் கிழித்து, பின்பக்கம் லாரி நம்பரை எழுதி, ஒரு கம்பியில் குத்தி வைத்திருந்தாள். போலீஸ் கேட்டால் காட்டலாம் என்று. போலீஸ் கேட்கவில்லை. ராசாங்கம் தாள்களைப் பெஞ்சில் வரிசையாகப் பரப்பி, பறக்காமலிருக்கத் தண்ணீர் டம்ளர்களை மேலே வைத்தார்.

“அம்மா, இது ஆனி மாசம். எல்லாக் கெழமையும் இருக்கு. ஆடி மொத வாரத்துக்கு அப்புறம் பாருங்க. திங்கக்கெழம ஒண்ணுகூட இல்ல. வெள்ளிக்கெழமையும் இல்ல.”

“வாரத்துல ரெண்டு நாள் லீவு போல சார்,” என்றான் மாயவன். “கவர்மெண்டே இவ்வளவு தாராளமா குடுக்கறதில்ல.”

“அதுங்க, திங்களும் வெள்ளியும் கோயில் கூட்டம்,” என்றாள் தனம். “ஜனம் பாக்கும்னு பயந்திருப்பான்.”

சிறுவாச்சூர் காளி கோயில் வாரத்தில் அந்த இரண்டு நாள்தான் திறக்கும். மற்ற நாட்களில் அம்மன் மலைக்குப் போய்விடுகிறாள் என்பது ஊர் நம்பிக்கை. அந்த இரண்டு நாளும் மெஸ்ஸில் மீன் கிடையாது, சாம்பாரும் வத்தக்குழம்பும்தான்.

“ஆனி மாசத்துலயும்தானே கூட்டம் வந்துச்சு? அப்ப பயப்படலியே,” என்றார் ராசாங்கம். “இன்னொண்ணு பாருங்க. ஆடிப் பதினெட்டு இந்த வருசம் வியாழக்கெழம. அதுக்கு முந்தின வியாழன் தாள் இருக்கு, அடுத்த வியாழன் தாள் இருக்கு. அது மட்டும் இல்ல. அன்னிக்கு என்ன விசேஷம்?”

“பெருக்குங்க. அதுக்காக நடை திறந்தாங்க.” சொல்லிவிட்டுத் தனமே அந்தத் தாள்களை மறுபடி பார்த்தாள்.

“அதான். பூட்டைத் திறக்கிற ஆளு கெழமை பாக்கல. கோயில் கதவைப் பாக்குது. கதவு சாத்தியிருந்தா பூட்டு திறக்குது, கதவு திறந்திருந்தா பூட்டு சும்மா இருக்குது. ஆனியில இல்லாத பயம் ஆடியில எப்படி வந்துச்சு? இங்க என்னம்மா நடந்துச்சு?”

“எல்லாரையும் கோயிலுக்கு இட்டுட்டுப் போயி சூடம் அடிக்கச் சொன்னேங்க.”

எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்வது இந்தப் பக்கத்து வழக்கம். கோர்ட்டில் கூசாமல் பொய் சொல்கிறவன்கூடச் சூடத்துக்கு முன்னால் கையை மடக்கிக்கொள்வான்.

“யாரு யாரு அடிச்சாங்க?”

“வெள்ளைச்சாமி, பரிமாறுற கண்ணையன், நடராசன். மூணு பேரும் திங்கக்கெழம அம்மன் எதிர்லயே அடிச்சாங்க. செங்கமலம் மட்டும் அன்னிக்கு வர முடியல. பூலாம்பாடியில அவ சின்னம்மா பொன்னாயி எறந்துட்டாங்க, சாவு வூட்டுக்குப் போயிட்டு வந்திருந்தா. தீட்டோட நடை திறந்திருக்கறப்ப வரக்கூடாதுல்ல. புதன்கெழம அவளே என்னைக் கூட்டிட்டுப் போயி சாத்தின கதவு முன்னாடி நின்னு அடிச்சா. நான் வேணாம்னேன். ‘எல்லாரும் அடிச்சப்புறம் நான் மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும் அக்கா’ன்னா. தங்கமான குணம்.”

ராசாங்கம் தாள்களைப் பொறுமையாகச் சேர்த்துக் கம்பியில் குத்தினார். அடுப்படிப் பக்கம் பார்க்கவில்லை.

“மாயவா, நாளைக்குப் பூலாம்பாடிக்கு மொத பஸ் எத்தனை மணிக்கு?”

“எதுக்கு சார்?”

“துக்கம் விசாரிக்க.”

*

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பூலாம்பாடி கடைத்தெருவில் இறங்கிய மாயவன், செத்துப்போன பொன்னாயி வீடு எது என்று கேட்டான். டீக்கடைக்காரர் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பேசாமல் கையை மட்டும் நீட்டிக் காட்டினார்.

அந்த வீட்டு வாசலில் ஒரு அம்மாள் முறத்தில் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள்.

“பொன்னாயி அம்மா வூடுங்களா?”

“நான்தான் பொன்னாயி. நீ யாரு சாமி?”

மாயவனும் டீக்கடைக்காரரைப் போல அவளை மேலும் கீழும் பார்த்தான். சிறுவாச்சூரிலிருந்து வருகிறேன் என்று மட்டும் சொன்னான். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

“செங்கமலம் அனுப்புனாளா? பங்குனியில வந்துட்டுப் போனவ, அதுக்கப்புறம் எட்டிக்கூடப் பாக்கல. கடை தொறந்துட்டாளா?”

“எந்தக் கடைங்க?”

“அவ பேருலதான். செங்கமலம் மெஸ்ஸுன்னு போர்டு வைக்கப் போறேன் சின்னம்மா, ஷெட்டுக்காரரு எடம் ஏற்பாடு பண்றாருன்னு சொல்லிட்டுப் போனா. அவ கைக்கு எப்பவோ வந்திருக்க வேண்டியது. இரு, மோர் கொண்டாரேன்.”

மத்தியானம் சிறுவாச்சூர் பஸ் நிறுத்தத்தில் ராசாங்கம் காத்திருந்தார்.

“துக்கம் விசாரிச்சேன் சார்,” என்றான் மாயவன். “எறந்தவங்களே எனக்கு மோர் குடுத்தாங்க. உப்பு மட்டும் கொஞ்சம் தூக்கல்.” பிறகு மிச்சத்தையும் சொன்னான். சொல்லி முடிக்கும்போது அவன் குரலில் கிண்டல் இல்லை.

ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கார் மெஸ் வாசலில் வேகத்தைக் குறைத்தது. உள்ளே நின்ற லாரிகளைப் பார்த்துவிட்டு மறுபடி வேகமெடுத்துப் போய்விட்டது. தனம் வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோளில் கை வைத்து உள்ளே அழைத்துப்போனவள் செங்கமலம்.

“சில கேஸ்ல நாம தப்பா இருந்தா நல்லாருக்கும்னு தோணும் மாயவா,” என்றார் ராசாங்கம்.

*

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்குப் பழனிவேல் வந்துவிட்டார். சந்தனம் தடவிய பத்திரத்தைப் பெஞ்சில் வைத்து, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி வைத்தார். கோயில் பக்கமிருந்து உடுக்கைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மைதானத்தில் லாரி இல்லை.

ராசாங்கம் ஒரு பித்தளைத் தட்டில் சூடத்தை வைத்துக் கொளுத்தினார்.

“கையெழுத்துக்கு முன்னாடி சின்ன வேலை ஒண்ணு. எல்லாரும் இன்னொரு தரம் அடிச்சுடுங்க. பூட்டை நான் திறக்கலன்னு.”

“போன மாசந்தானேங்க அடிச்சோம்,” என்றாள் தனம்.

வெள்ளைச்சாமி எதுவும் கேட்கவில்லை. முன்னால் வந்து பட்டென்று அடித்தார். சூடம் அணைந்தது. வேறு சூடம் வைத்தார்கள். கண்ணையன் அடித்தான், நடராசன் அடித்தான். பிறகு அடுப்படியிலிருந்து செங்கமலத்தைக் கூப்பிட்டார்கள்.

“கை ஈரமா இருக்குங்க,” என்றாள் அவள்.

“தொடைச்சிட்டு வாங்க. நாங்க காத்திருக்கோம்.”

முந்தானையில் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“பூலாம்பாடிக்கு நேத்து போயிருந்தேம்மா,” என்றான் மாயவன் மெதுவாக. “உங்க சின்னம்மா நல்லா இருக்காங்க. உங்களை விசாரிச்சாங்க.”

கை நின்றுவிட்டது. தனம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். “என்னடி சொல்றாரு இவரு?”

ராசாங்கம் சுருக்கமாக முடித்தார். திங்கட்கிழமை அம்மன் எதிரில் அடிக்க முடியாதவள் ஒரு சாவைக் கற்பனை செய்துகொண்டாள். அம்மன் ஊரில் இல்லாத புதன்கிழமை, சாத்திய கதவுக்கு முன்னால் அடித்தாள். அம்மன் காதில் விழாத சத்தியத்துக்கு, அம்மன் இல்லாத நாளில் மட்டும் துரோகம் செய்தாள். காவல்காரரைக் கெண்டை முள்ளில் கட்டிப்போட்டுவிட்டு, ஆணியில் இருந்த சாவியோடு பின்பக்கமாகப் போய்வர அவளுக்குப் பத்து நிமிஷம் போதுமாக இருந்தது.

“நெசமா?” என்றாள் தனம்.

செங்கமலம் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துப் பத்திரத்தின் மேல் வைத்தாள்.

தனம் உட்கார்ந்துவிட்டாள். “பதினோரு வருசம்டி. எம் மகளுக்குப் பிரசவம் பாத்தவ நீ. காய்ச்சல்ல கெடந்தப்ப எனக்குக் கஞ்சி ஊட்டுனவ. வேற யாராச்சும் வந்து உம்மேல சொல்லியிருந்தா செருப்பால அடிச்சிருப்பேன். தெனமும் லாரியைப் பாத்து நான் அழுதப்ப மோர் கொண்டாந்து குடுத்தியே, எப்படிடி மனசு வந்துச்சு?”

“வந்துச்சுக்கா.”

“எதுக்குடி?”

“பழனிவேல் அண்ணன் எம்பேருல போர்டு வைக்கறேன்னாரு. நீங்க எடத்தைக் குடுத்ததும், அங்கயே ஓரமா ஒரு மெஸ்.”

எல்லோரும் பழனிவேலைப் பார்த்தார்கள். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் சொருகினார். “நல்லா இருக்கே. என் தொழில் லாரி. மெஸ் வைக்க எனக்கென்ன பைத்தியமா? அந்தம்மாவா எதையாச்சும் நெனைச்சுக்கிட்டா நான் பொறுப்பா?” பத்திரத்தை உருவி அக்குளில் செருகிக்கொண்டு, ராகு காலம் வருகிறது என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிவிட்டு வெளியே நடந்தார். உருவின வேகத்தில் சாவி கீழே விழுந்தது.

செங்கமலம் அதைக் குனிந்து எடுத்தாள். அவள் முகத்தில் அதிர்ச்சிகூட இல்லை. இதையும் எதிர்பார்த்தவள் போலச் சும்மா தலையை ஆட்டிக்கொண்டாள். சாவியைத் தனத்தின் பக்கத்தில் வைத்தாள்.

“பெரியப்பாவை அனுப்பிடாதீங்க. அவரு மேல தப்பில்ல. அவரை ஒண்ணும் சொல்லாதீங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேன்.”

“போயிடு,” என்றாள் தனம். “என் கண்ணு முன்னாடி நிக்காத. நன்றி கெட்டவளே.”

வாசல் வரை போன செங்கமலம் நின்றாள். திரும்பி வந்தாள். ராசாங்கத்தின் பக்கத்தில் இருந்த பொட்டலத்திலிருந்து ஒரு சூடத்தை எடுத்துத் தட்டில் வைத்தாள். தீப்பெட்டியை உரசிக் கொளுத்தினாள். தட்டை இரண்டு கையாலும் ஏந்தித் தனத்தின் முன்னால் நீட்டினாள்.

“எல்லாரும் அடிச்சாச்சு. நீங்க மட்டும்தான் அடிக்கலக்கா.”

“நான் எதுக்குடி அடிக்கணும்?”

“வர்றவங்க ஒவ்வொருத்தரும் ‘குழம்பு யாரு வச்சது’ன்னு கேப்பாங்க. ‘என் கையாலதாங்க’ன்னு சொல்லுவீங்க. நான் கதவுக்கு அந்தாண்ட நின்னு கேட்டுட்டு இருப்பேன். காலனித் தெருக்காரி கை பட்டதுன்னு தெரிஞ்சா உக்காந்து திங்க மாட்டாங்க, கடை நிக்கட்டும் செங்கமலம், அப்புறம் சொல்லிக்கலாம்னீங்க. சரின்னேன். கடை நின்னு பத்து வருசம் ஆச்சு. காரு வந்து நின்னா இன்னிக்கும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கச் சொல்றீங்க.” அவள் குரல் உயரவே இல்லை. “நான் செஞ்சது துரோகம்தான். இல்லன்னு சொல்லல. இப்ப நடை திறந்திருக்கு, அம்மன் வூட்டுலதான் இருக்கா. அந்தக் குழம்பு நீங்க வச்சதுன்னு சொல்லி, இதை அடிங்கக்கா. நான் கால்ல வுழுந்துட்டுப் போறேன்.”

சூடம் எரிந்தது. தனத்தின் வலது கை மடியிலிருந்து எழுந்தது. பாதி தூரம் வந்தது. அங்கேயே நின்றது.

வெள்ளைச்சாமி தரையைப் பார்த்தார். யார் கையும் படாமல் சூடம் எரிந்து எரிந்து தானாக அணைந்தது. தட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டுச் செங்கமலம் ரோட்டைத் தாண்டிப் போய், பெரம்பலூர் பஸ்ஸுக்காக நின்றாள்.

பஸ் வந்து போனது. அவள் நின்ற இடம் காலியாக இருந்தது.

வெள்ளைச்சாமி வெளியே போய் மைதானத்துச் சங்கிலியைப் பூட்டிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். அந்தப் பூட்டை இனி யாரும் திருட்டுத்தனமாகத் திறக்கப்போவதில்லை. ராசாங்கம் ஒப்புக்கொண்ட வேலை முடிந்துவிட்டது, ஆனாலும் அவருக்குக் கிளம்ப மனம் வரவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கோயிலிலிருந்து ஒரு அம்பாசிடர் வந்தது. வெள்ளைச்சாமி சங்கிலியை இறக்கினார். பின்னாலேயே இன்னொரு கார், அதன் பின்னால் ஒரு வேன். மைதானம் சாப்பிட வந்தவர்களின் வண்டிகளால் நிறைந்தது. முதல் காரிலிருந்து இறங்கியவர் நெற்றிக் குங்குமத்தோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

“நல்ல வேளை, இன்னிக்கு நிறுத்த எடம் கெடைச்சுது. உங்க கை வத்தக்குழம்புக்காகத்தாம்மா இவ்வளவு தூரம் வந்தோம். சாப்பாடு ரெடிங்களா?”

தனம் அடுப்படிக் கதவைப் பார்த்தாள். அது அகலத் திறந்திருந்தது. உள்ளே யாரும் இல்லை.